நூற்றிருபது அடி ஜலம்

வைகாசி பிறந்துவிட்டால், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பிரதேசங்களில் பத்திரிகையைக் கையில் எடுக்கும் குடியானவர், ராஜ்ய விவகாரங்களையும் கொலை வழக்குகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் 'மேட்டூர் அணை நிலவரம்' என்ற நாலு வரிகளைத்தான் முதலில் தேடுவார். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்னும் அந்த எண்களைக் கொண்டே, விதை நெல்லை வெளியே எடுப்பதா, கோட்டை கட்டியபடியே வைத்திருப்பதா என்பதை அவர் தீர்மானித்துக்கொள்கிறார். அணைக்கட்டை அவர் கண்ணால் பார்த்தவராகக்கூட இருக்கமாட்டார். ஆனால் அதன் உச்சமட்டமாகிய 120 அடி என்ற எண்ணை, தம் பிள்ளைகளின் வயதைச் சொல்வதுபோல் தயங்காமல் சொல்வார். அணையின் நிழல் விழும் தூரத்தில், கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கத்து மேட்டு நிலங்களில் உழுகிறவர்களோ, அதே எண்ணைக் கேட்டுவிட்டு வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு நதியைத் தேக்கினால் அதன் பலன் தேக்கிய இடத்தில் சேருவதில்லை, நெடுந்தூரம் தள்ளிப்போய்ச் சேருகிறது என்பதற்கு நம் நாட்டில் மேட்டூரைவிடப் பெரிய திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அந்த நீர்த்தேக்கத்தின் பூர்வ சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

காவிரி டெல்டாவுக்குப் பாசனம் புதிதல்ல. கல்லணை சோழன் கரிகாலன் பெயரோடு ஒட்டி நிற்கிறது. 1836-ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில் ஆர்தர் காட்டன் என்னும் இஞ்சினீயர், முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் கட்டி, கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பிரவாகத்தைக் காவிரிக்குத் திருப்பினார். ஆயினும் இவையெல்லாம் ஜலத்தைத் திருப்பிவிடும் சாதனங்களேயன்றி, ஜலத்தைச் சேமித்து வைக்கும் சாதனங்கள் அல்ல. குடகு மலையில் தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் காவிரி இரு கரையும் தொட்டு வருவாள். கொள்ளிடக் கரைகள் உடையும், பயிர் அழுகும். அதன்பின் புரட்டாசியில், சம்பாப் பயிர் இளம்பச்சையாக நிற்கும் வேளையில், ஆற்றில் முழங்கால் அளவு ஜலமும் இல்லாமற் போவதுண்டு. வந்த ஜலம் போதாது என்பதல்ல அக்காலத்து விவசாயிகளின் குறை. வேண்டிய மாதத்தில் வரவில்லை என்பதே குறை. ஆகவே, டெல்டாவுக்கு மேலே எங்கேனும் ஓரிடத்தில் ஆடிப் பெருக்கைப் பிடித்து வைத்து, புரட்டாசிக்கும் ஐப்பசிக்கும் பங்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்ற யோசனை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இஞ்சினீயர்களின் மனத்தில் இருந்துவந்தது.

அதற்கு இயற்கையே ஓர் இடத்தை ஆயத்தமாக வைத்திருந்தது. ஒகேனக்கல்லில் பாறைகளினிடையே வீழ்ந்து வரும் காவிரி, சேலம் ஜில்லாவின் மேற்கு ஓரத்தில், பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே ஒரு வாசலைப் போன்ற இடுக்கில் நுழைந்து சமவெளியை நோக்கித் திரும்புகிறது. அவ்வாசலை மூடிவிட்டால் பின்னே உள்ள அகன்ற பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாகிவிடும். கர்னல் எல்லிஸ் என்னும் இஞ்சினீயர் 1910-ஆம் ஆண்டை ஒட்டித் தயாரித்த திட்டம் இந்த இடத்தைத்தான் குறித்தது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் இதற்குக் கீழேதான் காவிரியோடு கலக்கின்றன என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மேட்டூரில் தேங்கும் ஜலம், சில சிற்றாறுகள் தருவது போக, அநேகமாக முழுவதும் மைசூர்ப் பக்கத்திலிருந்து வருவது. அணையின் பிற்காலத்து வியவகாரங்கள் எல்லாம் இந்த ஒரு பூகோள உண்மையிலிருந்து கிளைத்தவைதாம்.

வியவகாரம் அணைக்கு முன்னமேயே பிறந்துவிட்டது. சென்னை மாகாணத்தின் சம்மதமின்றி மைசூர் சமஸ்தானம் புதிய பாசன நீர்த்தேக்கங்களை நிர்மாணிக்கக்கூடாது என்று 1892-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. மைசூரின் தலைமை இஞ்சினீயராக விசுவேசுவரய்யா வந்ததும், கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவுக்கு ஓர் அணை கட்ட உத்தேசித்துச் சென்னையின் சம்மதத்தைக் கேட்டார். சென்னைக்கோ மேட்டூர்த் திட்டம் கையில் இருந்தது. மேலே அவ்வளவு ஜலத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே தேக்குவதற்கு என்ன மிஞ்சும் என்று ஆக்ஷேபம் எழுப்பப்பட்டது. இந்திய சர்க்கார் 11 டி.எம்.சி.க்கு மட்டும் அனுமதி தந்தது. மைசூரோ, பிற்பாடு உயர்த்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில், 41.5-க்குத் தேவையான அகலத்திலேயே அஸ்திவாரம் போட்டுவிட்டது. இதில் விசுவேசுவரய்யாவின் தைரியத்தை மெச்சுவதா, சென்னை அதிகாரிகளின் கோபத்தை நியாயம் என்பதா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். அலகாபாத் ஹைகோர்ட்டு நீதிபதி கிரிஃபின் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டு 1914-இல் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு சென்னைக்கு உவப்பாக இல்லாமையால், இந்தியா மந்திரி வரையில் அப்பீல் சென்றது. கடிதங்களும் கணக்குகளும் பத்தாண்டுகள் அங்குமிங்கும் ஓடின. கடைசியில், ஏ. ஆர். பானர்ஜி மைசூரின் திவானாகவும், சி. பி. ராமசாமி ஐயர் சென்னைக் கவர்னரின் நிர்வாக சபையில் பாசன இலாகாவைக் கவனிப்பவராகவும் இருந்த சமயத்தில், 1924 பிப்ரவரி 18-ஆம் தேதி ராஜி ஏற்பட்டது. கண்ணம்பாடி நீர்த்தேக்கம் ஏறத்தாழ 44.8 டி.எம்.சி. அளவுக்கு உயரலாம், மேட்டூரில் 93.5 டி.எம்.சி. தேக்கலாம், அதன் பலத்தில் சென்னை 3,01,000 ஏக்கர் புதிதாகப் பாசனம் செய்துகொள்ளலாம், சில ஷரத்துக்கள் ஐம்பது ஆண்டு கழித்து மறுபரிசீலனைக்கு வரும் - இவைதாம் சாராம்சம். ஐம்பது ஆண்டு என்பது கையெழுத்திட்டவர்களுக்கு யுகாந்தர காலமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

மை உலர்ந்து ஐந்து மாதம் ஆவதற்குள் காவிரி தன்னுடைய அபிப்பிராயத்தைத் தெரிவித்தாள். 1924 ஜூலையில், மலையாள நாட்டையே மூழ்கடித்த அதே மழை, காவிரியிலும் பவானியிலும் இறங்கியது. மேட்டூரில் விநாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் பிரவாகம் சென்றது. திருச்சியிலும் தஞ்சையிலும் உண்டான நாசம் பல தலைமுறைக்குப் பேச்சாக நின்றது. எழுதி வைத்திருந்த திட்டத்தை இஞ்சினீயர்கள் மறுபடி விரித்துப் பார்க்க நேர்ந்தது. அணையைத் தாண்டி வெள்ளம் வழிந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடையாக, இடது கரையில் மலைகளினிடையே இருந்த ஒரு தாழ்வான கணவாயில், 60 அடி அகலமும் 20 அடி உயரமும் உள்ள 16 இரும்புக் கதவுகளோடு, உபரி நீரைக் கழிக்கும் தனிக் கலங்கு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. எல்லிஸ் பெயரால் குறிக்கப்படும் அதனை ஊரார் 'பதினாறு கண் மதகு' என்பர். அணை நிரம்பிய நாட்களில் அதன் வழியே வெண்ணுரையாக ஜலம் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பாலத்தில் வந்து நிற்பார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கும் அந்த மதகு, 1924-ஆம் வருஷத்து வெள்ளம் கற்பித்த பாடத்தின் கற்கட்டடம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

1925 ஜூலையில் கவர்னர் கோஷன் பிரபு நிர்மாண வேலையைத் தொடங்கிவைத்தார். மேட்டூர் அப்போது ஒரு சிறு கிராமம். அங்கே கல்லுடைப்போர், கொத்தர், கொல்லர், கூலியாட்கள் என ஆயிரக்கணக்கானவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் தோன்றின. சாமான் கொண்டுவருவதற்குச் சேலத்திலிருந்து ஒரு ரயில் கிளை போடப்பட்டது. யந்திரங்களை ஓட்ட மின்சாரம் வேண்டியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்றால், மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்திலிருந்து வந்தது. காவிரி ஜலத்துக்காகப் பத்து வருஷம் வாதாடியவர்கள், அதே காவிரி ஜலத்திலிருந்து பிறந்த மின்சாரத்தை ஒருவருக்கொருவர் விற்று வாங்கிக்கொண்டதில் எவருக்கும் சங்கடம் தோன்றியதாகத் தெரியவில்லை. பணம் கொடுத்து வாங்கும் பண்டத்துக்குச் சண்டை வருவது குறைவு போலும்.

அணையின் உடல் கான்கிரீட்டினால் ஆனது. வெறும் சிமெண்டு மட்டுமன்றி, செங்கல்லைப் பொடித்துச் சேர்க்கும் சுர்க்கி என்னும் பழைய சரக்கும் அதில் கலக்கப்பட்டது. நம் ஊர்க் கொத்தர்கள் சுண்ணாம்பில் சுர்க்கி கலந்து கிணறும் குளத்துப் படியும் கட்டிவந்த முறை நெடுங்காலத்தது. பெரும் பருமனில் கான்கிரீட்டு இறுகும்போது உண்டாகும் உஷ்ணத்தை அது தணிக்கும், செலவையும் குறைக்கும். இவ்வாறு 5,300 அடி நீளமும், அஸ்திவாரத்திலிருந்து 214 அடி உச்ச உயரமும், அடியில் 171 அடி அகலமும் கொண்ட சுவர் ஒன்பது ஆண்டுகளில் எழுந்தது. தற்காலத்தில் இவை பெரிய அளவுகளாகத் தோன்றாமல் இருக்கலாம். அன்று உலகத்தின் மிகப் பெரிய அணைகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. செலவு ஏறத்தாழ 4.80 கோடி ரூபாய். 1934 ஆகஸ்டு 21-ஆம் தேதி கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு அவருடைய பெயரையே இட்டார்கள். கவர்னரின் பெயர் காகிதங்களில் வாழ்கிறது. ஜனங்கள் மேட்டூர் டேம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த 120 அடி என்பது சுவரின் உயரம் அன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 670 அடி என்ற இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அளப்பதனால், அணை நிரம்பும்போது நீர்ப்பரப்பு கடல்மட்டத்துக்கு மேல் 790 அடியில் நிற்கிறது. அப்போது இருப்பு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. நீர் பரவும் விஸ்தீரணம் 59 சதுர மைலுக்குச் சற்று அதிகம்.

அந்த 59 சதுர மைல் பாழ்நிலமாக இருந்ததன்று. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கும் பழைய கணவாய் வழி காவேரிபுரத்தில்தான் முடிந்தது. ஹைதர் அலி காலத்துச் சண்டைகளில் அங்கிருந்த கோட்டைக்காகச் சேனைகள் மோதின. 1800-இல் கம்பெனியாருக்காக நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் அவ்வழியாகவே இறங்கிவந்தார். காவேரிபுரம், நாயம்பாடி, சாம்பள்ளி, பண்ணவாடி, கோட்டையூர் என்று ஆற்றங்கரையில் வரிசையாக இருந்த குடியிருப்புகளும், நஞ்சை புஞ்சைகளும், கோயில்களும், கிறிஸ்தவர்களின் மாதா கோவிலும் ஜலத்துக்கு அடியில் போயின, அல்லது மேட்டுக்குப் பெயர்க்கப்பட்டன. சர்க்கார் ஈட்டுப்பணம் கொடுத்தது. அணையைத் திறந்துவைத்தபோது நிகழ்ந்த பிரசங்கங்களும் வாழ்த்துப் பத்திரங்களும் அச்சில் கிடைக்கின்றன. இக்கிராமத்தார் எழுந்துபோன கதையை எழுதிவைத்தவர் அருமை. நம் சரித்திரக்காரர்கள் இதில் காட்டிய அலட்சியத்துக்கு மன்னிப்பு இல்லை என்றே சொல்லவேண்டும்.

ஆனால் ஏரி அவ்வப்போது தானே அந்தக் கணக்கை வெளியே எடுத்துக் காட்டுகிறது. மழை பொய்த்த வருஷங்களில் நீர்மட்டம் எண்பது அடியை நெருங்கிக் கீழே இறங்கும்போது, பண்ணவாடிப் பரிசல்துறைக்கு எதிரே முதலில் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியின் தலை தெரியும். பெயருக்கு ஏற்றபடி கழுத்தளவு ஜலத்தில் இருந்த சுவாமி அவர். இன்னும் இறங்கினால் மாதா கோவிலின் இரட்டைக் கோபுரங்கள் மேலெழும். நந்தியின் முதுகில் வண்டல் காய்ந்து பொருக்காக வெடித்திருக்கும். பரிசல்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வெளியூர்க்காரர்கள் பரிசலில் ஏறிவந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அச்சமயத்தில் இன்னொரு காரியமும் நடக்கும். ஜலம் பின்வாங்கிய சேற்று நிலத்தில், கரையோரத்துக் குடியானவர்கள் ஏரைப் பூட்டிச் சோளமும் கம்பும் எள்ளும் நிலக்கடலையும் விதைத்துவிடுவார்கள். பூட்டன் பாட்டன் உழுத நிலம் இது என்பது அவர்கள் வாதம். சர்க்கார் நீர்பிடிப்பு நிலம் என்பது அதிகாரிகளின் வாதம். இரண்டுக்கும் நடுவே, மறுபடி வெள்ளம் வருமுன் அறுவடை ஆகவேண்டுமே என்பதுதான் குடியானவர்களின் கவலை. டெல்டாக்காரர் எந்த நாளில் நீர்மட்டம் உயரவேண்டும் என்று பிரார்த்திக்கிறாரோ, அந்த நாளில் அது இன்னும் பதினைந்து நாள் தாமதிக்கட்டும் என்று பிரார்த்திக்கும் சிலரும் இதே ஏரிக்கரையில் உண்டு.

டெல்டாவில் அணை செய்த மாறுதல் பெரிது. ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது என்னும் வழக்கம் நிலைத்துவிட்டது. திறந்த ஜலம் மூன்று நாலு நாளில் கல்லணை வந்து சேரும். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்னும் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, லஸ்கர்கள் மதகுக்கு மதகு பலகையை ஏற்றி இறக்க, கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாட்கள் பிடிக்கும். ஆனியில் ஜலம் நிச்சயம் என்ற தைரியம் வந்ததனால் குறுவைச் சாகுபடி விரிந்தது, குறுவை அறுத்த வயலில் தாளடி நட முடிந்தது, ஒருபோகம் இருபோகமாயிற்று. எனினும் குறித்த தேதியில் திறக்க முடிந்த ஆண்டுகளைவிட முடியாத ஆண்டுகளே அதிகம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை இறுதி வரையில் விவசாயிகள் காத்திருந்தார்கள். தேதி என்பது சாசனமாக இல்லை, ஆசையாகவே இருந்துவருகிறது.

பழைய டெல்டாவுக்கு வெளியே, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில், வரகும் கடலையும் விளைந்த செம்மண் மேடுகளுக்குக் கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாய் வெட்டப்பட்டது. தஞ்சாவூர் நகரத்தின் நடுவே ஓடும் அதனை ஜனங்கள் புது ஆறு என்று அழைக்கத் தொடங்கி, தொண்ணூறு வயதாகியும் அப்படியே அழைத்துவருகிறார்கள். அணை திறந்த வருஷமே இதிலும் ஜலம் விடப்பட்டது. இங்கேதான் எவரும் எதிர்பாராத ஒரு விபரீதம் நேர்ந்தது. வறண்ட நாட்டில் திடீரென்று வாய்க்கால்களும் கசிவுக் குட்டைகளும் நெல் வயல்களும் உண்டானதால், மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்குப் பேரதிர்ஷ்டமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் பட்டுக்கோட்டைத் தாலுக்காவில், முன் கண்டறியாத வேகத்தில், குளிர்ஜுரம் கிராமம் கிராமமாகப் பரவியது. ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸல், இந்திய சகாக்களோடு அங்கே வந்து தங்கி ஆராய்ந்து, 1938-இல் முடிவுகளை வெளியிட்டார். கரையை உயர்த்த மண் எடுத்த குழிகளும், வடிகால் இல்லாத வயல்களுமே காரணம் என்பது புலனாயிற்று. ஜலத்தைக் கொண்டுவரத் திட்டம் போட்டவர்கள், அதை வடியவிடுவதற்குப் போதிய திட்டம் போடவில்லை. வீடுகளுக்குள் பைரெத்ரம் மருந்தைத் தெளித்து, வளர்ந்த கொசுவையே கொல்லும் முறை அப்பிரதேசத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. டி.டி.டி. மருந்து வருவதற்கு முற்பட்ட அந்தச் சோதனைகள் வைத்திய சரித்திரத்தில் இடம் பெற்றவை. பட்டுக்கோட்டைப் பக்கம் இன்று நெல்லும் தென்னையும் செழித்து நிற்பதைக் காண்கிறவர்கள், அதற்கு முதல் தலைமுறை ஜுரத்தில் நடுங்கிக் கொடுத்த விலையையும் சேர்த்து நினைப்பது நல்லது.

இன்னொரு நஷ்டம் மெதுவாக நேர்ந்தது. பழைய நாளில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும். வயலில் தங்கி வண்டலை விட்டுப்போகும். அதுவே பாதி எருவாக இருந்தது. அணை வந்தபின் அந்த வண்டல் மேட்டூரிலேயே படிந்துவிடுகிறது. தெளிந்த ஜலம் கண்ணுக்கு அழகு, பயிருக்கு அவ்வளவு அழகில்லை என்று வயதான மிராசுதார்கள் குறைபட்டுக்கொண்டது வெறும் பழமைப் பற்றினால் அல்ல. கீழே நிலத்துக்குச் சேரவேண்டியது மேலே ஏரியின் வயிற்றைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. 93.47 என்ற கொள்ளளவு 1934-இல் கணக்கிட்டது. வண்டல் படிந்த அளவுக்கு அது குறைந்திருக்கவே செய்யும். ஏரியைத் தூர்வாருவது பற்றிப் பேச்சு அடிக்கடி எழுகிறது. அடுத்த வெள்ளத்தோடு அடங்கியும் விடுகிறது.

மின்சாரம், கைத்தொழில் முதலியவை பற்றி நீட்டவேண்டியதில்லை. பாசனத்துக்கு விடும் ஜலத்தையே முதலில் சக்கரத்தைச் சுற்றவைத்து அனுப்பும் அணை மின்நிலையம் 1937-இல் வேலை தொடங்கி, பைக்காரா மின்சாரத்தோடு இணைக்கப்பட்டது. 1960-களில் சுரங்க மின்நிலையம் வந்தது. மலிவான மின்சாரத்தையும் தீராத ஜலத்தையும் நாடி ரசாயனத் தொழிற்சாலையும், பின்னர் அலுமினியத் தொழிற்சாலையும், 1980-களில் அனல் மின்நிலையமும் எழுந்தன. மேட்டூர் ஒரு கைத்தொழில் நகரமாயிற்று. அதன் புகையும் கழிவும் வேறொரு கட்டுரைக்கு உரியவை. சேலம் நகரமும் இந்த ஏரியிலிருந்துதான் குடிக்கிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கும், வீராணத்திலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கும் செல்லும் ஜலத்தில் மேட்டூரின் பங்கு உண்டு. மீன்பிடிப்பவர்களின் கதை சற்று வேடிக்கையானது. வடக்கத்தி நதிகளின் கட்லா, ரோகு வகைகள் ஏரியில் விடப்பட்டு வளர்ந்தன. காவிரிக்கே உரிய கெண்டை இனங்கள் சில குறைந்துபோயின. மேட்டூர் மீன் என்று பெயர் பெற்று வெளியூர்ச் சந்தைகளுக்குப் போவதில் பெரும்பகுதி இப்படிக் குடியேறிய வம்சத்தைச் சேர்ந்தது.

ஆடிப் பதினெட்டில் மேட்டூருக்குப் போனவர்களுக்கு, அணையின் அடியில் இருக்கும் முனியப்பனைத் தெரியாமல் இராது. அணைக்கட்டு முனியப்பன் என்றே பெயர். அன்றைக்குச் சேலம், தர்மபுரி, ஈரோடு ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வந்து, காவிரியில் முழுகி, கிடாவும் கோழியும் அறுத்து, கல்லடுக்கி அங்கேயே பொங்கித் தின்றுவிட்டுப் போவார்கள். பொரிக்கும் மீனின் புகையும், பூசாரியின் உடுக்கையும், மதகில் இறங்கும் ஜலத்தின் இரைச்சலும் கலந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இஞ்சினீயர்கள் நிறுவிய சுவருக்குக் காவல் தெய்வமாக ஜனங்கள் முனியப்பனை வைத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

1974 வந்தது. ஐம்பது ஆண்டு முடிந்தது. அதன் பிறகு நடந்தவற்றைத் தமிழ் வாசகருக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-இல் இடைக்கால உத்தரவாக ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்றது, 2007-இல் இறுதித் தீர்ப்பில் எல்லையில் அளக்கப்படும் அளவு 192 ஆயிற்று, 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை 177.25 ஆக்கியது. எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மானி பார்க்கும் உத்தியோகஸ்தர் குறித்துவைக்கும் எண்ணை இரண்டு ராஜ்யங்களின் மந்திரிகள் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் நிலை ஏற்பட்டுவிட்டது. 1924-இல் கையெழுத்திட்டவர்கள் ஜலத்தை வெள்ள வருஷத்துக்கு மட்டும் பங்கிட்டுவிட்டு, வறட்சி வருஷத்துக்கு எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியைத் தெளிவாகத் தீர்க்காமல் விட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். நிரம்பிய அணைக்கு வழக்கு எப்போதும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில், நிலத்தைக் கொடுத்தவர்களின் பக்கத்து நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது நியாயம். அணையின் இரு புறத்திலிருந்தும் கிளம்பும் மேட்டூர்க் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள், இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. டெல்டாவுக்கு ஜலம் போன வருஷம் 1934. இக்கால்வாய்களில் ஜலம் வந்தது 1955. அதுவும் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரையில்தான். அணையை ஒட்டிய மேட்டு நிலங்களின் ஏரி குளங்களுக்கோ இன்னும் அறுபத்தாறு வருஷம் பொறுத்திருக்க நேர்ந்தது. மேட்டூர் - சரபங்கா நீரேற்றுத் திட்டம் என்று 565 கோடி ரூபாய் மதிப்பில் வகுக்கப்பட்டு, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரிப் பகுதிகளின் 100 ஏரிகளை நிரப்பும் நோக்கத்தோடு, 2021 பிப்ரவரியில் அது தொடங்கிவைக்கப்பட்டது. அணை நிரம்பி, உபரி ஜலம் இருக்கும் நாட்களில் மட்டுமே அந்தப் பம்புகள் ஓடும்.